யன்னலில் குளவிக் கூடு

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

இங்கே பல்கலைக்கழகத்தில் நான் உதவியாளராக இருக்கும் கவாய் பேராசிரியர் பிரெஞ்சு இலக்கியம் படிப்பிப்பவர். ஆனால் எழுதுவதெல்லாம் பூச்சிகளைப் பற்றி. ஊரில் நம் வீட்டில் என் அறை யன்னலில் குளவி கட்டிய மண்கூட்டின் படத்தை அனுப்பினீர்களே, அதைக் காட்டினேன். "வீட்டிலை பிள்ளை பிறக்கப் போகுதடி" என்று நீங்கள் எழுதியதையும், வீட்டில் இப்போது நீங்கள் மட்டும்தான் என்பதையும் சொன்னேன்.

"அம்மாவுக்கு என்ன வயது?" என்றார். இருவரும் சிரித்தோம்.

பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கூடு யன்னலின் இரண்டு கதவுகளையும் சேர்த்து ஒட்டியிருந்தது.

"இந்த யன்னலை நெடுநாளாக ஒருவரும் திறக்கவில்லை" என்றார்.

நான் தேநீர் போடப் போய்விட்டேன்.

கூட்டை இப்போது உடைக்க வேண்டாம், அம்மா. குளவிகள் பறந்த பிறகு பின்னேரங்களில் அந்த யன்னலைத் திறந்து வையுங்கள். திறந்ததும் ஒரு படம் அனுப்புங்கள். பேராசிரியருக்குக் காட்டத்தான்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
ஆரணி