அப்பாவுக்கு மட்டும் கேட்ட சத்தம்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் காரும் நலம். நீ நலமா என்று கேட்கும் வரியை இந்த முறை கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், காரணம் இருக்கிறது. நான்கு மாதமாக நீ அப்பாவிடம் மட்டும் பேசுகிறாய், நான் போனைக் கையில் வாங்குவதற்குள் வைத்துவிடுகிறாய். அவளுக்கு என்மேல் என்ன கோபம் என்று அப்பாவிடம் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இஸ்திரி மேஜைக்குப் போய்விடுவார். நானும் வீம்புக்காரி, நீயாகப் பேசும்போது பேசட்டும் என்று இருந்துவிட்டேன். உன் கோபத்துக்குக் காரணம் போன வியாழக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது, அதுவும் நடுரோட்டில். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் காரின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பிக்காவிட்டால் உனக்குப் புரியாது, கொஞ்சம் பொறுமையாகப் படி.

நம் கார் அதே நீளக் கார்தான், பின் சீட்டை மடக்கினால் சலவைக்கு வரும் இரண்டு விடுதியின் படுக்கை விரிப்பு மொத்தமும் ஏறிவிடும். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அப்பா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தவர் 'பின்னாடி என்னமோ ஊளையிடுது' என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றேன். மறுநாளும் அதையே சொன்னார். வண்டி ஐம்பதைத் தாண்டினால் ஆரம்பிக்கிறதாம், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஏறுகிறதாம், காலை எடுத்தால் வேறு மாதிரி முனகுகிறதாம். இருபத்தாறு வருடமாக இந்தச் சலவைக் கடைக்கு வண்டி ஓட்டுகிறவள் நான், அவருக்கு லைசென்ஸ் கூடக் கிடையாது, நின்று நின்று இஸ்திரி போட்டு உங்க காதுக்குள்ள ஆவி ஏறிடுச்சு என்று சொல்லிவிட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை, அதைவிட மோசமாக ஒன்று செய்தார். சத்தம் வரும்போதெல்லாம் கையைத் தூக்குவது, நின்றதும் இறக்குவது என்று வைத்துக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தால் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மனிதர் கையைத் தூக்கியபடி வருகிறார். பின்னால் வருகிற வண்டிக்காரர்கள் தங்களைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டினார்கள். மானம் போகிறதே என்றுதான் மெக்கானிக்கிடம் போனேனே தவிர சத்தத்துக்காகப் போகவில்லை.

மெக்கானிக் அதே ஒல்லி மனிதர்தான், இந்தப் பத்து வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, என் கார் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். முதலில் டயராக இருக்கும் என்று முன்னால் இருந்ததைப் பின்னாலும் பின்னால் இருந்ததை முன்னாலும் மாற்றிப் போட்டார், அப்பாவின் கை அதே ஐம்பதில்தான் உயர்ந்தது. அடுத்தது சக்கரத்து பேரிங்காக இருக்கும் என்று காலி மைதானத்தில் இடமும் வலமுமாக வளைத்து ஓட்டச் சொன்னார், பேரிங் போயிருந்தால் ஒரு பக்கம் வளையும்போது சத்தம் கூடுமாம். எப்ப கூடுதுன்னு சொல்லுங்கம்மா என்று என்னைக் கேட்டார். நான் ஓட்டுநர், எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வருமா, இப்ப கூடுது இப்ப குறையுது என்று குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். இரண்டு சுற்று கழித்து அவர் என் பேச்சை விட்டுவிட்டு அப்பாவின் கையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பேரிங்கும் இல்லை, டிஃப்ரன்ஷியல்தான் என்று முடிவு சொன்னார். அது வேறொன்றும் இல்லை, இரண்டு பின்சக்கரத்துக்கும் நடுவில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு இரும்பு உருண்டை தொங்கும், என்ஜினிலிருந்து வரும் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அதற்குள் கிரௌன் என்று ஒரு பெரிய பல்சக்கரமும் பினியன் என்று ஒரு சின்னப் பல்சக்கரமும் எண்ணெயில் முங்கிக் குடித்தனம் நடத்துகின்றன.

பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தி, கியரில் போட்டுச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, ஒரு நீள ஸ்க்ரூட்ரைவரின் நுனியை அந்த உருண்டைமேல் வைத்துக் கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்டார். பினியன் பக்கம்தான் என்று சொல்லிவிட்டு நீங்களும் கேளுங்கம்மா என்று என்னிடம் கொடுத்தார். வைத்தேன். கேட்டது. ஓட்டைக் குழாயில் காற்று புகுந்த மாதிரி நீளமாக ஒரு ஊளை. மூன்று மாதமாக அப்பா கை தூக்கியது இதற்குத்தான். ஸ்க்ரூட்ரைவரை எடுத்தேன், ஒன்றும் இல்லை. வைத்தேன், ஊளை. எடுத்தேன், இல்லை. என்ஜினை அணைத்து அணைத்துப் போடுகிறாரோ என்று அவர் கையைப் பார்த்தேன், இரண்டு கையும் இடுப்பில் இருந்தன. அவர் ஸ்க்ரூட்ரைவரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு 'டிஃப்ரன்ஷியல நான் பாத்துக்கறேம்மா, காதை வேற எடத்துல காட்டுங்க' என்றார். எனக்கு வந்த கோபத்துக்குச் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன், பின்சக்கரம் தரையில் இல்லை.

அதற்குப் பிறகுதான் என் குட்டு உடைந்தது. அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றினால் ஒன்றரை லிட்டர் எண்ணெய் வர வேண்டிய இடத்தில் அரை டம்ளர் வந்தது, அதுவும் கறுப்பாக, உள்ளே வெள்ளி அரைத்துப் போட்டது போல மினுமினுப்பு. உள்ளே பினியனைத் தாங்கும் பேரிங் தேய்ந்த இரும்புத் தூளாம் அது. இவ்வளவு எண்ணெய் ஒழுகி இருக்கே, வண்டி நிக்கிற எடத்துல கறை பாக்கலையா என்று கேட்டார். நம் வீட்டில் கறை நிற்குமா? எட்டு மாதமாகக் காலையில் வண்டியை எடுத்ததும் சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு எண்ணெய்ப் பொட்டு இருக்கும், உடனே சோப்புத் தூள் போட்டு வெந்நீர் ஊற்றித் தேய்த்துச் சுவடே இல்லாமல் எடுத்துவிடுவேன். எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை, கறை போனதா என்று மட்டும் குனிந்து பார்த்தேன். இதைப் பெருமையாகத்தான் சொன்னேன், சொல்லி முடித்த பிறகுதான் அது பெருமை இல்லை என்று தெரிந்தது. மெக்கானிக் என்ன சோப்பு என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

பல்லெல்லாம் தப்பித்துவிட்டது, பினியனின் இரண்டு பேரிங்கும் ஒழுகிய ஆயில் சீலும் மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றுவது அரை நாள், பொருத்துவதுதான் இரண்டு நாள். பல்லில் மஞ்சள் பெயிண்டைத் தடவிச் சுற்றிப் பார்க்கிறார், எந்த இடத்தில் பெயிண்ட் அழிகிறதோ அங்கேதான் பல்லும் பல்லும் தொடுகின்றன என்று அர்த்தம். ஓரத்தில் தொட்டால் திரும்பக் கழற்றி வேறு கனத்தில் ஒரு வாஷரைப் போட்டுப் பூட்டுகிறார். நான்கு முறை கழற்றிப் பூட்டினார். நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கணும்மா, இறுக்கினாலும் கத்தும், விட்டாலும் கத்தும் என்றார். இதை வைத்து உனக்கு ஒரு புத்திமதி எழுதலாம் என்று தோன்றியது, எழுதப் போவதில்லை.

வண்டி வந்த மறுநாள் அப்பா பின்னால் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஊருக்கு வெளியே போய் எண்பதுவரை ஓட்டினேன், கை அசையவில்லை. சரி வண்டி பிழைத்தது, இனி உன் முறை என்று அப்பா என்னைக் காது பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவரெல்லாம் பஞ்சு வைத்த சின்ன அறை. காதில் ஹெட்போனை மாட்டிக் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னாள் பரிசோதிக்கிற பெண். நானும் தயாராக உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து எப்பம்மா ஆரம்பிப்பீங்க என்று கேட்டேன், பாதி முடிஞ்சிருச்சும்மா என்றாள். தடித்த சத்தமெல்லாம் கேட்கிறதாம், மெல்லிய சத்தம்தான் போய்விட்டதாம். துணி பிழியும் மிஷின் பக்கத்திலேயே இத்தனை வருடம் நின்றதற்கு அது செய்த மரியாதை. அப்பாவுக்குத் தடித்த குரல், அவர் சொல்வதெல்லாம் விழுகிறது. உன் குரல் நூல் மாதிரி.

தங்கம், இனி எழுதுவதைக் கோபப்படாமல் படி. இரண்டு வருடமாகவே போனில் நீ பேசுவது எனக்குச் சரியாக விழுவதில்லை. எதிரில் இருந்தால் வாயைப் பார்த்துச் சமாளிப்பேன், போனில் என்ன செய்வது? நீ மூச்சு விடும் இடத்தில் ஒரு 'சரிம்மா' போடுவேன், முடித்ததும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லி வைப்பேன். இத்தனை நாளும் அது பொருந்தியே வந்தது, ஏனென்றால் நீ நல்ல செய்தியாகவே சொல்லிக்கொண்டிருந்தாய். பரிசோதனை முடிந்து திரும்பும்போது இதை நான் சிரித்துக்கொண்டேதான் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வண்டிய ஓரங்கட்டு என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் எனக்கு அப்படி உத்தரவு போட்டதில்லை. ஒரு டயர் கடை எதிரில் நிறுத்தினேன். அப்ப அன்னைக்கி ஞாயித்துக்கெழம அவ சொன்னது ஒனக்குக் கேக்கவே இல்லையா என்றார். எது என்றேன்.

மாப்பிள்ளையைப் பிரிந்து தனியாக ஒரு அறை எடுத்து வந்துவிட்டேன், இனி திரும்பிப் போக மாட்டேன் என்று அன்று நீ சொன்னாயாம். பிழியும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நீ நெடுநேரம் பேசி நிறுத்தியதும் நான் சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'ரொம்ப சந்தோஷம்மா, எல்லாம் நல்லபடியா நடக்கட்டும், மாப்பிள்ளையக் கேட்டதாச் சொல்லு' என்றேன். நான் வேண்டுமென்றே குத்திக் காட்டுவதாக நீ நினைத்தாய். கல்நெஞ்சுக்காரி, பெண் சொன்னதை ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறாள் என்று அப்பாவும் நினைத்து நான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை. டயர் கடைக்காரர் வந்து பஞ்சரா என்று கேட்கிறவரைக்கும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பஞ்சர் இல்லை என்று அப்பா சொல்லி அனுப்பினார்.

மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன். அவர் சட்டைக் காலர் எப்போதும் சுத்தமாக இருக்கும், என் தொழில் புத்தி அதைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிட்டது. உள்ளே என்ன ஒழுகியது என்று நான் குனிந்து பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று எழுத மனம் இருந்தால் எழுது, இல்லாவிட்டால் வேண்டாம், உனக்குச் சரி என்று பட்டது எனக்கும் சரி. அன்று எனக்குக் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன், நான்கு மாதம் தாமதமாகச் சொல்கிறேன். திரும்பி வா என்று கூப்பிடவில்லை, அந்த அறையிலேயே இருந்தாலும் இரு. ஆனால் அந்த வீட்டில் உன் சாமான் இன்னும் கிடக்கிறது என்று அப்பா சொன்னார். இந்த மாதக் கடைசியில் கடையை ஒரு வாரம் மூடுகிறோம். இரண்டு நாள் ஓட்டினால் உன்னிடம் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன், சாமானை ஏற்றிக்கொண்டு போய் நீ எந்த இடத்தில் வைக்கச் சொல்கிறாயோ அங்கே இறக்கி வைத்துவிட்டு வருகிறோம். கார் இப்போது சத்தம் போடவில்லை, அப்பா காதை நம்பித்தான் சொல்கிறேன். எனக்குக் காது மிஷின் அடுத்த வாரம் வருகிறது, அதுவரை உன் அப்பாவின் கைதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, கதவைத் தாழ் போட்டுத் தூங்கு. உனக்கு ஒரு குறையும் வராது, எங்கள் இரண்டு பேர் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு. தள்ளி வைத்த வரியை இப்போது கேட்கிறேன், நீ நலமா? இல்லை என்றால் இல்லை என்றே எழுது. கட்டில் உண்டா, அலமாரி உண்டா, எத்தனை பெட்டி என்பதையும் மறக்காமல் எழுது, பின் சீட்டை மடக்க வேண்டுமா என்று தெரிய வேண்டும். போனில் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா