ஜன்னலோர மேசை என்னுடையதல்ல

குன்னூர்,
22.1.2024

லோயிஸ்,

வழக்கம்போல 'அன்புள்ள' என்று எழுதினேன். பிறகு அடித்தேன். அடித்தது அசிங்கமாகத் தெரிந்ததால் வேறு தாள் எடுத்து மொட்டையாகவே ஆரம்பிக்கிறேன். இங்கே என் வீட்டுக்காரர் தேவநேசன் சுகம், கோழிகள் சுகம். நான்தான் ஒரு வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு திரிகிறேன்.

போன வார ஞாயிறு இணைப்பில் உன் பத்தி வந்ததே, அதைத்தான் சொல்கிறேன். "நீலகிரியில் எனக்கு ஒரு தோழி இருக்கிறாள். தேயிலை ஃபேக்டரி ஆபீசில் வேலை. விடியற்காலையில் ஜன்னலோர மேசையில், ஆவி பறக்கும் தேநீரோடு, பூக்களைப் பார்த்தபடி எழுதுகிறாள். அச்சில் வர வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இல்லை. புகழ் வேண்டாம், வாசகரும் வேண்டாம். எழுதுவதே அவளுக்கு நிறைவு." ஃபேக்டரி பெயர் முதற்கொண்டு போட்டிருக்கிறாய். இதை எழுதியவளுக்கு என்னைத் தெரியுமா?

காலேஜை விட்ட நாளிலிருந்து நமக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் எதை எழுதினாலும், அச்சுக்குப் போகுமுன் மற்றவளிடம் போய்ப் பென்சில் கோடுகளோடு திரும்பி வர வேண்டும். எழுத்தைப் பற்றிப் போனில் பேசக்கூடாது, காகிதத்தில்தான் என்று சட்டம் போட்டவளே நீதான். என் நாவலின் ஒவ்வொரு அத்தியாயமும் சென்னைக்கு வந்து உன் கோடுகளோடு திரும்பியிருக்கிறது. உன் வாரப் பத்திகளை நான் கேட்டதில்லை, ஆனால் என்னைப் பற்றி எழுதியதாவது எனக்கு வந்திருக்க வேண்டாமா? வந்திருந்தால் அப்போதே திருத்தியிருப்பேன். இப்போதாவது திருத்துகிறேன். உன் பத்தியை வெட்டி, கோடு போட்டு, இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துக்கொள்.

ஜன்னலோர மேசை என்னுடையதல்ல. அது தேவநேசன் மிக்ஸி ரிப்பேர் பார்க்கிற மேசை. கிறிஸ்மஸுக்கு நீ வருகிறாய் என்று அவர் சாமான்களையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு நல்ல விரிப்பு ஒன்றைப் போட்டேன். பூந்தொட்டிகள் சர்ச்சில் கேட்டு வாங்கிவந்தவை. நீ பஸ் ஏறியதும் அவையும் திரும்பிப் போய்விட்டன. ஜன்னலுக்கு வெளியே இருப்பது பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க்.

நான் எழுதுகிற இடம் குளியலறை. இந்த மாதத்துக் குளிரில், இந்த வீட்டில் விரல் மடங்குகிற ஒரே இடம் அதுதான். பாய்லருக்கு விறகைப் போட்டுவிட்டு, பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்து, மடியில் சப்பாத்திப் பலகையை வைத்து எழுதுகிறேன். தண்ணீர் சுட்டதும் தேவநேசன் கதவைத் தட்டுவார். "தபி, முடிஞ்சுதா? நான் குளிக்கணும், மினி பஸ் போயிரும்." என் விடியற்காலை அவ்வளவுதான்.

நேற்று சர்ச் ஆராதனையில் போதகர் ஐயர் உன் பத்தியைப் பிரசங்கத்தில் வாசித்தார். பெண்கள் பக்கம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தது. ஃபேக்டரியில் சூப்பர்வைசர் ஆறுமுகசாமி, "ஏனுங்க மேடம், உங்களுக்கு ஒண்ணுமே வேண்டாமாமா? அப்ப உங்க லீவையெல்லாம் நாங்க எடுத்துக்கட்டுங்களா?" என்கிறார். இதையெல்லாம்கூடத் தின்று செரித்திருப்பேன்.

சனிக்கிழமை பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. ஏப்ரலில் நாவல் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்களே, அவர்களேதான். "தோழி லோயிஸ் அவர்களின் பத்தியை வாசித்து நெகிழ்ந்தோம். தாங்கள் அச்சில் அவசரம் காட்டாதவர் என்று அறிந்தோம். இந்த ஆண்டு அவசரப்படுகிற எழுத்தாளர்கள் பலர் இருப்பதால் தங்கள் நாவலைப் பிறகு பார்க்கலாம். அதற்குள் நிறைவான வாழ்க்கை பற்றிச் சிறு சிந்தனைகள் எழுதித் தருவீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு அவசரம், லோயிஸ். வயது ஐம்பத்து நான்கு. ஒன்பது வருஷம் பக்கெட் மேல் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். புத்தகம் வேண்டும். அட்டையில் என் பெயர் வேண்டும். முன்பின் தெரியாத யாராவது அதை வாசித்துவிட்டுத் திட்ட வேண்டும். உன் பத்தியிலேயே திருத்தம் போடு.

தபித்தாள்


சென்னை,
30.1.2024

அன்புத் தபி,

நான் அடிக்கவில்லை, பார்த்தாயா.

உன் கோடுகளைப் பார்த்தேன். என் கணக்குப் பரீட்சைத் தாள்கூட இவ்வளவு மோசமாகத் திரும்பி வந்ததில்லை. பதிப்பகத்தார் செய்தது தப்புதான், பேசுகிறேன். ஆனால் நான் உன்னைக் கேவலமாகவா எழுதினேன்? அந்தப் பத்திக்கு எவ்வளவு பேர் எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? ஒரு அம்மா அதை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார்களாம்.

நீ கேட்டுவிட்டாய், நானும் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை தோறும் பத்தி ஆசிரியரிடம் போக வேண்டும். ஒரு வாரம் மன அமைதி, மறு வாரம் மகிழ்ச்சி. நான் ஒரு கதை எழுதி எத்தனை வருஷம் ஆயிற்று என்று எப்போதாவது கேட்டாயா? உன் அத்தியாயங்கள் இங்கே வருகின்றன, திரும்பிப் போகின்றன. என்னிடமிருந்து உனக்கு ஒரு கதையும் வருவதில்லையே என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

கிறிஸ்மஸுக்கு உன் வீட்டில் அந்த மேசையைப் பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன். இவளுக்கு மட்டும் எப்படி இப்படி வாய்த்தது என்று திரும்பி வரும் வழியெல்லாம் எரிந்தது. அதை அப்படியே எழுத முடியுமா? அழகாக எழுதினேன். மறுநாள் வியாழக்கிழமை. தபாலில் போட்டு நீ திருத்தி அனுப்பும்வரை ஆசிரியர் காத்திருக்க மாட்டார்.

'மன்னிக்கவும், அவளுக்கு நிறைவு இல்லை' என்று எந்தப் பத்திரிகையாவது திருத்தம் போடுமா? கொஞ்சம் பொறு, தபி. பொறுமைதானே உன் அழகு.

தேவநேசன் அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

உன்
லோயிஸ்


குன்னூர்,
6.2.2024

லோயிஸ்,

பொறுமை என் அழகா? அந்த வரியை வாசித்துவிட்டுக் கையிலிருந்த டம்ளரைச் சிங்க்கில் எறிந்தேன். எவர்சில்வர்தான், உடையவில்லை. நெளிந்துவிட்டது.

என் வீட்டுக்கு வந்தாய், நான் சுட்ட கேக்கைச் சாப்பிட்டாய், வயிறு எரிந்தாய், அந்த எரிச்சலுக்குச் சர்க்கரை தடவி ஊருக்கெல்லாம் கொடுத்தாய். எரிச்சலையே எழுதியிருக்கலாம். அது உண்மையாக இருந்திருக்கும். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்திருக்கும்.

எழுதுவதில் சந்தோஷமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு வாக்கியம் சரியாக வந்து உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு மினி பஸ்ஸில் நின்றுகொண்டு போனாலும் கால் வலிப்பதில்லை. ஆறுமுகசாமி என்ன சொன்னாலும் சிரித்துவிடுகிறேன். குழம்பில் உப்பு சரியாக விழுகிறது. அது எனக்குத் தெரியும், யாரும் பத்தி எழுதித் தெரிவிக்க வேண்டாம். ஆனால் சோறு பொங்கி இறக்கினவளுக்கு, நாலு பேர் வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று இருக்காதா? 'பொங்குவதே அவளுக்கு நிறைவு, இலை போட வேண்டாம்' என்று யாராவது பந்தியைத் தூக்குவார்களா? நீ தூக்கிவிட்டாய்.

இன்னொன்றும் சொல்கிறேன். சென்னையில் இருக்கிறவர்களுக்குப் புத்தகம், மலையில் இருக்கிறவர்களுக்கு நிறைவு. உங்கள் ஊரில் அப்படித்தான் பங்கு பிரிக்கிறீர்கள்.

நீ கதை எழுதுவதில்லை என்று எனக்குத் தெரியும். ரொம்ப நாளாகவே தெரியும். கேட்டால் உனக்கு வலிக்கும் என்றுதான் கேட்கவில்லை. தெரிந்ததை நான் ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் போடவில்லையே.

திருத்தம் வரும்வரை என்னிடமிருந்து அத்தியாயம் எதுவும் வராது.

தபித்தாள்


சென்னை,
15.2.2024

தபி,

ஆசிரியரிடம் கேட்டேன். சிரித்தார். பதிப்பகத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன், முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்கிறார்கள். இதற்கு மேல் என்னை என்ன செய்யச் சொல்கிறாய்?

பங்கு பிரிப்பது பற்றி எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டேன். உன் கோபம் ஆறட்டும், பிறகு எழுது.

லோயிஸ்


குன்னூர்,
11.3.2024

லோயிஸ்,

கோபம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இதோடு ஒரு கதை வருகிறது. பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சாக எழுதினேன். தேவநேசன் ஒரு வாரம் வெளிக் குழாயில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் போனார், பாவம். கதையில் ஒரு பெண் சென்னையில் இருக்கிறாள். வாரா வாரம் பேப்பரில் எல்லோருக்கும் மகிழ்ச்சி சொல்லிக் கொடுக்கிறாள். அவளுக்கென்று ஒரு கதை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பெயரை மாற்றியிருக்கிறேன். ஆனாலும் இங்கே பக்கத்து வெலிங்டனில் நம்மோடு வளர்ந்தவர்கள் யார் வாசித்தாலும் இன்னார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

கோவையிலிருந்து வரும் ஒரு பத்திரிகை என்னிடம் கதை கேட்டிருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை. நம் வழக்கப்படி முதலில் உனக்கு வருகிறது. நீ எந்த வரியை அடித்தாலும் அந்த வரி போய்விடும். முழுக்கதையையும் குறுக்கே அடித்தால் முழுக்கதையும் பாய்லருக்குப் போகும். ஏன் என்று கேட்க மாட்டேன்.

அன்பினால் இதைச் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு நீ என்ன செய்யாமல் விட்டாய் என்பது உனக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான்.

தபித்தாள்


சென்னை,
25.3.2024

தபி,

கவரைப் பிரித்து முதல் பக்கத்தை வாசித்ததுமே கிழிக்கப் போனேன். குறுக்கே அடிக்கப் பென்சிலை எடுத்தேன். பிறகு அந்த வியாழக்கிழமைப் பக்கம் வந்தது. அவள் தன் கதையின் முதல் வரியை எழுதுகிறாள். அடிக்கிறாள். அலமாரியைத் துடைக்கிறாள். திரும்ப வந்து அதே வரியை எழுதுகிறாள். பாவி, இது உனக்கு எப்படித் தெரிந்தது? இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் வாசித்தேன்.

ஒரே ஓர் இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். கடைசிப் பக்கம். பத்தியை அனுப்பிவிட்டு அவள் மொட்டை மாடிக்குப் போகிறாள், காற்று வாங்குகிறாள். "அவளுக்கும் அதில் ஒரு நிறைவு இருந்தது" என்று முடித்திருக்கிறாய். யாரடி உனக்குச் சொன்னது? என்னைக் கேட்டாயா? மாடியில் நிற்கும்போது, திரும்ப அந்த எழுத்துக்கே போக வேண்டுமே என்று எனக்குக் கீழே இறங்கவே பிடிக்காது. அதில் என்ன நிறைவைக் கண்டாய்? அந்த வரியை வாசித்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தனியாக இருந்த வீட்டில் கத்தினேன். கீழ்வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். அவர்களை அனுப்பிவிட்டு உட்கார்ந்தபோது, சர்ச்சில் எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தாயே, அது ஞாபகம் வந்தது.

இரக்கப்பட்டு எழுதினாயா, வேண்டுமென்றே எழுதினாயா? பதில் எழுதாதே. எதுவாக இருந்தாலும் எனக்குக் கோபம்தான் வரும்.

வரும் ஞாயிறு பத்தியின் முடிவில் மூன்று வரி இருக்கும். "ஜனவரியில் நான் எழுதிய தோழிக்குப் புத்தகம் வேண்டும், வாசகர்கள் வேண்டும். ஜன்னலோர மேசை அவளுடையதல்ல. அவளைக் கேட்காமல் எழுதினேன்." இதை வெட்டினால் அடுத்த வாரம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. பதிப்பகத்துக்கும் நேரிலேயே போனேன். முதலாளி மழுப்புகிறார். பொறு என்று நான் இனிச் சொல்ல மாட்டேன். நீயே கூப்பிட்டுக் கத்து. உன் குரல் அவர் காதில் விழட்டும்.

கதையைக் கோவைக்கு அனுப்பிவிடு. அந்த நிறைவை மட்டும் அடித்திருக்கிறேன். மற்றதெல்லாம் உண்மை.

லோயிஸ்