மாசானம் அண்ணாச்சி காலி செய்த கடை

ராயபுரம்,
ஜூன் 30

அன்புள்ள ஜோவின் அப்பாவுக்கு,

ஜூடி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் பிள்ளையும் சுகம். தோகாவில் வெயில் அதிகம் என்று, லீவு முடிந்து அங்கே திரும்புகிற ரஞ்சித் சொன்னான், வேளைக்குச் சாப்பிடுங்கள். போனில் பேசினால் நீங்கள் கத்துவீர்கள், நான் அதைவிடக் கத்துவேன். அதனால்தான் எழுதி அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

மாசானம் அண்ணாச்சி இன்று நம் கடையைக் காலி செய்துவிட்டார். உங்கள் தம்பி ஃப்ரெடியிடம் வருத்தப்பட்டால், "அக்ரிமெண்ட்ல இன்னா போட்டுகீதோ அதானே அண்ணி பண்ணோம், இதுல இன்னா பேஜாரு?" என்கிறான். அவன் சொல்வது சரிதான். இன்றோடு முடிகிறது என்றுதான் எழுதியிருக்கிறது, முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று எங்கும் இல்லை. பொய் சொல்லலாம் என்றும் எங்கும் இல்லையே.

கிறிஸ்துமஸ் லீவில் வந்தபோதே கடை ஃப்ரெடியின் பிரியாணிக்கு என்று முடிவு செய்துவிட்டீர்கள். இப்போதே சொன்னால் அண்ணாச்சி வேறு இடம் பார்த்துப் போய்விடுவார், கடை சும்மா கிடக்கும், வாயைத் திறக்காதே என்றீர்கள். நானும் திறக்கவில்லை. ஆனால் பிப்ரவரியில் கல்மண்டபம் முக்கில் ஒரு கடை வருகிறது, பிடிக்கட்டுமா என்று அவர் உங்களையே கேட்டாரே! நம் வாசலில் நின்று ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். "எதுக்கு அண்ணாச்சி, நம்ம கடை கீதே" என்று சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பை நம்பி அந்தக் கடையை விட்டுவிட்டார். அதோடு நிற்கவில்லை. படகுகளுக்கு அரிசியும் எண்ணெயும் ஏற்றிவிடுகிற கடைக்கு, மீன்பிடித் தடைக்காலத்தில்தான் மூச்சுவிட நேரம். ஏப்ரலில் படகுகள் கரையேறியதும் தரைக்கு டைல்ஸ் போட்டார், ஷட்டர் மாற்றினார். தடை முடிந்த அன்று அவர் மனைவி முப்பிடாதி வந்து என் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். கடைக்குச் சொந்தக்காரி கையால் குத்துவிளக்கு ஏற்றினால்தான் அவர்களுக்கு அந்த வருடம் வியாபாரம் ஓடும். வருடாவருடம் நான் ஏற்றுகிற விளக்குதான். இந்த முறை தீக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது. காற்று அதிகம் என்றாள் அவள். காரணம் காற்று இல்லை என்று எனக்குத்தானே தெரியும்.

பொறுக்கமுடியாமல் மறுநாளே போய், மாதக் கடைசியில் கடை வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அண்ணாச்சி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். ஏசுவார் என்று பார்த்தேன். "நோயல் தம்பி அப்படிச் செய்யுத ஆளு இல்லம்மா. கடைசியில ஃப்ரெடி நெருக்கியிருப்பாரு. கூடப்பொறந்தவம்லா, அவரும் என்ன செய்வாரு" என்று உங்களுக்காகவே பேசினார்.

கிறிஸ்துமஸிலேயே முடிவானது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. என் புருஷனை ஒருவர் நல்லவர் என்கிறபோது இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? அதையும் முழுங்கிக்கொண்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது.

இன்று சாவி கொடுக்க வந்தார். ஆணி அடித்த இடமெல்லாம் சிமெண்ட் வைத்து, சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறார். வாங்கினபடியே திருப்பிக் கொடுப்பதுதானே பேச்சு என்றார். டைல்ஸைப் பெயர்க்கவில்லை. சரக்கையெல்லாம் வள்ளூரில் மச்சான் வீட்டில் இறக்கியிருக்கிறார். படகுகள் இறங்கிவிட்ட நேரம், கடை எங்கே என்று அவரிடம் சரக்கு வாங்குகிற படகுக்காரர்கள் இங்கே வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். கல்மண்டபத்துக் கடையில் இப்போது வேறு யாரோ.

ஃப்ரெடிக்குக் கொடுத்ததைப் பிடுங்கச் சொல்லவில்லை. அவனும் பிழைக்க வேண்டும். ஜோவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, அதற்கும் கவலைப்படாதீர்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இதைப் படித்ததும் அண்ணாச்சிக்கு நீங்களே போன் செய்யுங்கள். எப்போது முடிவு செய்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஊருக்கு வந்ததும் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் வந்து, ஒன்றும் தெரியாமல், உங்கள் கையைப் பிடித்து உங்களுக்கே ஆறுதல் சொல்வார். அதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். மாதா உங்களுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்கட்டும்.

உங்கள்,
ஜூடி