மாமா கீமோவுக்குப் போகவில்லை

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து மழை. குர்லாவில் ரயில் வெகுநேரம் நின்றது. லேபுக்குத் தாமதம்.

ஆனாலும் நல்ல நாள். லுக்கிமியா, அதாவது ரத்தப் புற்றுநோய் செல்களில் குறைந்துபோயிருக்கும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ, பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் துணுக்கு. அதை மறுபடி உள்ளே செலுத்தியதில் பெருக்கம் நின்றுவிட்டது! செலுத்தாத தட்டில் வழக்கம்போல மொய்த்துக் கிடக்கின்றன. லேப் தலைவி மேடம் சிரிக்கவில்லை. "ரிப்பீட் பண்ணு. அப்புறம் சந்தோஷப்படு."

எனக்குப் பொறுக்கவில்லை. தாராவிக்கு வந்ததும் உம்மாவிடம் கொட்டினேன். "கேன்சர் செல்லு வளராம நின்னுட்டும்மா! காதர் மாமாவுக்கு இருக்குல்லா, அதே நோய்தான்." உம்மா உடனே தன் தம்பிக்கு, மாமாவுக்குத்தான், போன் போட்டாள். தடுத்திருக்கலாம்.

ஜூலை 10, வியாழன்

ரிப்பீட் சரியாக வரவில்லை. வளர்ச்சி மந்தம், அவ்வளவுதான். செல்கள் உயிரோடு.

வாங்க: சோப்பு, உம்மாவுக்கு பி.பி. மாத்திரை, புதுக் குடை.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. வெட்கம்.

ஜூலை 12, சனி

செவ்வாயன்றே கீமோவுக்கு அட்மிட் ஆகவேண்டிய மாமா போகவேயில்லை. இன்றுதான் மாமி சொன்னாள், சாதாரணமாக. "ஒன் மருந்து வரட்டும்னு இருக்காவ."

மாமாவின் தோல்பை ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். தோல் வெட்டிக்கொண்டிருந்தார். பசை நெடி, முகத்தில் மாஸ்க் இல்லை.

"மாமா, அது மருந்து இல்ல. தட்டுல வளக்குற செல்லு. மனுசனுக்கு வர வருசக்கணக்காவும். வராமலே போனாலும் போவும்."

"நின்னுட்டுன்னு நீதானளா சொன்ன?"

"நாந்தான். அவசரப்பட்டுட்டேன் மாமா. மறுபடி செஞ்சப்போ நிக்கல."

கத்தியைக் கீழே வைத்தார். "அந்த ஊசி ஏத்துனா நா படுத பாடு ஒனக்குத் தெரியாது. வேண்டாம்னு சொல்ல ஒரு சாக்கு கெடைச்சுதுன்னு இருந்தேன்."

"திங்கக்கெழம எங்கூட வாரியளா?"

கத்தியை மறுபடி கையில் எடுத்தார்.

ஜூலை 14, திங்கள்

வந்தார். டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ரத்தத்தில் கெட்ட செல்கள் ஏறியிருக்கின்றன. இனி இன்னும் கடுமையான மருந்தாம். டாக்டருக்குக் கோபம், இந்தியில் விரட்டினார். ஏன் தள்ளிப்போட்டீர்கள்?

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா: "காம் ஜாஸ்தி தா, டாக்டர் சாப்."

வேலை அதிகமாம். பொய். எனக்காக. நானும் திருத்தவில்லை. லேப் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது, கழற்றிப் பைக்குள் போட்டேன்.

அப்போதே அட்மிட் செய்து ஊசி ஏற்றினார்கள். சாயங்காலமே மாமாவுக்கு வாந்தி. மாமி கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். பேசினை நான்தான் பிடித்தேன்.

"மொகத்தத் திருப்பிக்கோளா," என்றார்.

திருப்பவில்லை.