துப்பாக்கியில் சொருகிய தழை

3-2-63, ஞாயிறு

கடும் பனி. ஏழு மணி வரை எதிர்வரிசை குவார்ட்டர்ஸ் கண்ணுக்கே தெரியவில்லை. சைக்கிள் பின் சக்கரத்தில் காற்று இறங்குகிறது, பார்க்க வேண்டும்.

காசியோடு முயல் வேட்டைக்குப் போய் வந்தேன். சுரங்கத்தில் என் செக்‌ஷனில் காண்டிராக்ட் ஹெல்பர். ஊர் முத்தாண்டிக்குப்பம். அவன் அப்பாவிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி. மல்லாட்டைக் கொல்லையில் (வேர்க்கடலைக்கு இங்கே அந்தப் பேர்) பன்றி விரட்டுவதற்கென்று லைசென்ஸ்.

குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கிற ரகம். முறை, மறக்காமல் இருக்க: கருமருந்து ஒரு அளவு. தேங்காய் நார். குச்சியால் இடி. ஈய ரவை. மறுபடி நார், மறுபடி இடி. கேப்பு (தீப்பொறிக்கான செம்பு மூடி) கடைசியில், சுடுவதற்குச் சற்று முன்புதான். முன்னாலேயே வைத்தால் எங்காவது இடித்து வெடித்துவிடுமாம். நல்ல ஒழுங்கு. எனக்குப் பிடித்தது. இடித்து முடித்ததும் விசைப் பக்கத்தில் ஒரு ஆவாரங்கொத்து சொருகினான். ஏன் என்று கேட்கவில்லை. எதற்கும் பூ வைக்கிற ஊர்.

ஒரு முயல். வீட்டில் சரசு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கண்ணத் தொறந்துக்கிட்டு என்னையே பாக்குது. என்னால ஆகாது." பிறகு அவளேதான் மிளகு அரைத்தாள். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

6-2, புதன்

இரண்டாம் ஷிப்ட். பம்பு ஒன்றைப் பிரித்தோம். உள்ளே எண்ணெய் துடைத்துப் போட்ட கழிவு நூல் ஒரு கொத்து அப்படியே கிடந்தது. கத்தினேன். என் கொள்கை இதுதான்: குப்பையைக் கண்டால் எடு. சந்தேகம் வந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிராதே, நீயே செய்துவிடு. காசி சிரித்தான். "சார் ஒருத்தரே போதும், மைன்ஸையே தொடச்சி வச்சிருவாரு."

பர்மனன்ட் லிஸ்டில் அவன் பெயர் வந்துவிட்டது. 25ஆம் தேதி மெடிக்கல். நோட்டீஸ் போர்டு முன்னால் என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னான். "என் பேருதான சார்? வேற காசி இல்லியே?" அஞ்சலை, அவன் மனைவி, மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாளாம்.

வாங்க: மண்ணெண்ணெய், வத்தல், தைலம்.

10-2, ஞாயிறு

துப்பாக்கி வெடித்துவிட்டது. குழல் பிளந்து. காசியின் இடது கை. கட்டைவிரலும் அடுத்த விரலும் இல்லை.

ஒழுங்காக எழுதுகிறேன். காலை ஆறரை, முந்திரித் தோப்பு ஓரம். சைக்கிள் சங்கிலி கழன்றதால் நான் பத்து நிமிஷம் பின்தங்கிவிட்டேன். போனபோது துப்பாக்கி மரத்தில் சாய்ந்திருந்தது. காசி தூரத்தில் குனிந்து முயல் தடம் பார்த்துக்கொண்டிருந்தான். மருந்துப் புட்டி கீழே. துப்பாக்கி முழுக்கப் பனி ஈரம். விசையில் சிக்கியிருந்த தழையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் துண்டால் துடைத்தேன். கேப்பு இல்லை, மருந்துப் புட்டியும் வெளியே. ஆக, இன்னும் மருந்து போடவில்லை. நானே போட்டேன், சொல்லிக்கொடுத்தபடி, அளவு பிசகாமல். அவன் வந்ததும் சொல்லி அசத்தலாம் என்று.

வந்தான். துப்பாக்கியைக் கையில் எடுத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் முயல் பாய்ந்தது. கேப்பை வைத்தான், சுட்டான்.

துண்டால் கையைக் கட்டினேன். மந்தாரக்குப்பம் பக்கம் போன லாரியை மறித்து ஆஸ்பத்திரி.

பழைய குழல். துரு. அப்படித்தான் இருக்க வேண்டும்.

11-2, திங்கள்

லீவு. ஆஸ்பத்திரி. காசி விழித்திருந்தான்.

"ரெண்டு மருந்து வுழுந்திருக்கு சார். காலையில நீங்க வர்றதுக்கு முன்ன நான் போட்டது ஒண்ணு. வெள்ளிக்கெழம பன்னிக்குப் போட்டது ஒண்ணு, சுடாம உள்ளயே இருந்திருக்கு. அன்னிக்கித் தழ சொருவ மறந்துட்டேன் போலக்குது."

என்ன தழை என்று கேட்டேன். அஞ்சலை சொன்னாள்.

"மருந்து கெட்டிச்ச ஒடனே ஆவாரந்தழ சொருவணும் சார். தழ இருந்தா உள்ள மருந்து இருக்குதுன்னு அர்த்தம். சுட்ட பெறவுதான் எடுப்பாங்க. எங்க ஊர்ல அத எவனும் தொட மாட்டான்."

நான் பிடுங்கிப் போட்டது.

ஆரஞ்சு வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்தேன். வாங்கவில்லை. வேப்பமரத்தடியில் நின்ற சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

13-2, புதன்

போலீஸ் வந்து கேட்டார்களாம். காசி சொன்னது: "தனியாத்தான் போனேன்." எனக்காக. என் வேலைக்கு வம்பு வரக் கூடாதாம்.

அவன் அப்பா இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. அஞ்சலை அழுதாள். "தழ மறந்தவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னுட்டாரு மாமா. வூட்டுப் புள்ளைங்க எடுத்து வெளயாடியிருந்தா என்னா கெதின்னு கேக்கறாரு."

காசி சுவர் பக்கம் திரும்பிப் படுத்தான். "அவரு சொல்றது ஞாயந்தான" என்றான்.

மெடிக்கல் பற்றி யாரும் பேசவில்லை.

மண்ணெண்ணெய் வாங்கினேன். வத்தல் மறந்துவிட்டது.

15-2, வெள்ளி

சொன்னால் போலீஸ். வேலை. குவார்ட்டர்ஸ். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. இப்படிக் கணக்குப் போடுகிற என்னை எனக்கே பிடிக்கவில்லை.

மாலை சரசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"வேலை போயிரும்" என்றேன்.

"அவனுக்குப் போகலையா?" என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

17-2, ஞாயிறு

பனி குறைவு. காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி. உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும்.

"காசி, ரெண்டாவது மருந்து வெள்ளிக்கிழமை போட்டது இல்ல. நான் போட்டது. தழைய நான்தான் பிடுங்கிப் போட்டேன். குப்பைன்னு நெனச்சேன்."

அஞ்சலைதான் முதலில். "அடப்பாவி மனுசா! ஒரு வாரமா வந்து வந்து குந்திக்கினு இருந்தியே! வாயில என்னா வச்சிருந்த?" மரியாதை எல்லாம் போயிற்று. போகட்டும். எனக்கு வேண்டியதுதான்.

காசி அவளைச் சும்மா இருக்கச் சொன்னான். என் பக்கம் திரும்பினான்.

"தழ இருந்துச்சா சார்? கண்ணால பாத்தீங்களா?"

"இருந்துச்சு. பூவோட."

"அப்ப நான் மறக்கல."

கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதான். விரல் போன அன்று அழாதவன். "கேட்டியாடி, நான் மறக்கல."

போலீசிலும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"அது கெடக்கட்டும் சார். மொதல்ல எங்கப்பாகிட்ட சொல்லுங்க."

18-2, திங்கள்

லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. பின் சக்கரத்துக்குக் காற்று அடித்தேன். முத்தாண்டிக்குப்பம்.

பெரியவர் கொல்லையில் மல்லாட்டைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். நான் முடித்ததும், "பூவோட இருந்துச்சா?" என்றார். ஆமாம் என்றேன். என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. களைவெட்டியை வரப்பில் போட்டார். வீட்டுக்குள் போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, கேட்காமலே என் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு வுடு."

மேட்டில் சைக்கிள் ஆடியபோதும் என் தோளைப் பிடிக்கவில்லை, கம்பியைத்தான் பிடித்துக்கொண்டார்.

அவரை வார்டு வாசலில் விட்டுவிட்டு, மதியம் போலீஸ் ஸ்டேஷன்.