பழுக்கக் காய்ச்சிய கம்பியும் சித்தப்பாவின் பியரும்

அன்புள்ள சித்தப்பா,

இந்த முறை உங்களுக்குப் பல் கூசியிருக்காது என்று நினைக்கிறேன்.

போன வாரம் உங்கள் முதல் வருட ஆட்டைத்திவசம் நடந்தது. ஐயர் வந்து செய்த கிரியைகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மறுநாள் உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து நாங்களாகவே வைத்த அசைவ மச்சப் படையலைப் பற்றி, அதிலும் முக்கியமாக அதில் வைத்த பியரைப் பற்றி எழுதப் போகிறேன். அதைச் சொல்லி முடித்தால்தான், ஒரு வருடமாக உங்களிடம் சொல்ல முடியாமல் இருக்கும் இன்னொன்றையும் எனக்குச் சொல்ல வரும்.

உங்களுக்குத் தெரியாத ஒரு விடயம். ஜேர்மனியிலிருந்து நீங்கள் போனில் எனக்குச் சொன்னவற்றையெல்லாம் நான் ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். அப்பா உங்களைப் புளுகன் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அதனால் வாசிகசாலைப் புத்தகங்களில் தேடி, நீங்கள் சொன்னது உண்மை என்று கண்டால் அதன் பக்கத்தில் ஒரு சரி போடுவேன். கோடையில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்றீர்கள். சரி. பனிக்காலத்தில் கொடியில் காயப்போட்ட சாரம் பலகை மாதிரி விறைத்து நிற்கும் என்றீர்கள். அதுவும் சரி. உறைந்த ஏரியின் மேல் ஆட்கள் நடப்பார்கள் என்றதற்கு ஒரு படமே கிடைத்தது.

பியருக்கு மட்டும் எந்தப் புத்தகமும் கிடைக்கவில்லை.

"நம்புவியோ பிள்ளை?" என்று தொடங்கினீர்கள், நினைவிருக்கிறதா? "மாரியிலை இஞ்சை சந்தைக்கு நடுவிலை விறகு எரியும். அதுக்குள்ளை இரும்புக் கம்பி சிவக்கச் சிவக்கக் கிடக்கும். நாங்கள் பியரை நீட்டினால் அவன் கம்பியை எடுத்து உள்ளுக்கு விடுவான். ஷ்ஷ் எண்டு ஒரு சத்தம்! மேலை நுரை சுடும், கீழை பியர் குளிரும். ஆனால் பல்லைக் கொல்லுற குளிர் இல்லை. கைப்பும் போயிடும். சீனிப்பாணி மாதிரி ஒரு ருசி. என்ரை பல்லுக்கு இப்ப அதொண்டுதான் ஒத்துவரும்."

எனக்குப் பின்னால் அப்பா வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார். "பியருக்குள்ளை அலவாங்கு விடுறாங்களாம். நீயும் கேட்டு எழுது," என்றார். உங்களுக்கு அது கேட்டுவிட்டது. நீங்கள் சிரித்தீர்கள். "வாற ஆடிக்கு வந்து செய்து காட்டுறன். உன்ரை கொப்பரிட்டைச் சொல்லு, கம்பி ஒண்டு தேடி வைக்கட்டும்."

அதையும் கொப்பியில் எழுதினேன். 'வாற ஆடிக்கு வாறன்.'

அப்பாவின் கோபம் பியரைப் பற்றியது இல்லை, வருகிறேன் என்று சொன்னதைப் பற்றியது. இது உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்களுக்காகக் கட்டின அறையில் வருடம் வருடமாக வெங்காயப் பிடிகள்தான் தொங்கின. "இனி வந்தால் முகத்தைப் பார்த்துக் கதைக்கிறன். போனிலை கதைக்க மாட்டன்," என்று அப்பா சொல்லிவிட்டார். நீங்கள் கடைசியாக எடுத்த நாளும் அப்படித்தான் இருந்தார்.

பிறகு ஒரு விடியற்காலையில், வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சு நோ வந்து நீங்கள் போய்விட்டீர்கள் என்று செய்தி வந்தது. உங்களை அங்கேயே எரித்தார்கள். நாங்கள் விறாந்தையில் கதிரைகளைப் போட்டு, போனின் சிறிய திரையில் பார்த்தோம். இடையில் இணைப்பு நின்றுபோனது. அப்பா அந்த வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள், போனவருக்குப் பிடித்த கறியும் குடியும் வைத்துப் படைக்கும் எட்டுச்செலவு வந்தது. அப்பா குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பியர் ரின்னை அப்படியே உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தார். பக்கத்து வீட்டுச் சின்னராசா மாமா, "அண்ணை, மூடியைத் திறக்காட்டி தம்பி என்னெண்டு குடிக்கிறது?" என்று கேட்டபிறகுதான் திறந்தார். எல்லோரும் கும்பிட்டார்கள். நான் ரின்னில் வியர்த்திருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐஸ் மாதிரிக் குளிர்ந்த பியர். இதை எப்படிச் சித்தப்பா குடிப்பார்?

அந்த ஒரு கேள்வி ஒரு வருடம் என்னோடு இருந்தது. அதோடு சேர்ந்து வேறு கேள்விகளும் வந்தன. இரும்பை விட்டால் ஏன் இனிக்க வேண்டும்? ஏன் முழுப் பியரும் கொதிக்கவில்லை? முதன்முதலில் இதைச் செய்தது யார்? குளிரில் கை விறைத்த ஒரு கொல்லனா?

கடைசியில் விஞ்ஞானப் பாடத்தில் எழுந்து கேட்டேன்.

"ரீச்சர், வாற்கோதுமையிலை செய்த ஒரு பானத்துக்குள்ளை பழுக்கக் காய்ச்சின இரும்பை விட்டால் ஏன் இனிக்கும்?"

"என்ன பானம்?"

"புளிக்க வைச்ச பானம், ரீச்சர்."

"பியரோ?"

வகுப்பே சிரித்தது.

"ஓம் ரீச்சர். ஆனால் எனக்கில்லை. செத்துப்போன என்ரை சித்தப்பாவுக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது. ரீச்சர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். புளித்த பிறகும் பியரில் கொஞ்சம் சீனி மிஞ்சியிருக்குமாம். தாச்சியில் சீனியைத் தண்ணீர் விடாமல் சூடாக்கினால் எப்படிப் பொன்னிறமாகி மணக்கிறதோ, அதுபோலக் கம்பியைத் தொடும் மெல்லிய படலத்தில் மட்டும் சீனி கருகுமாம். கம்பியை உடனே எடுத்துவிட்டால் மிச்சப் பியர் சூடாக நேரமிராதாம். "ஆனால் ருசி எனக்குத் தெரியாது," என்றார். "செய்து பார்த்திட்டு வந்து சொல்லு. குடிக்காமல்!"

திவசத்துக்கு முதல் வாரம் அப்பாவிடம் போனேன். "அப்பா, போன முறை பியரை ஐஸ் மாதிரி வைச்சியள். சித்தப்பாவுக்குப் பல் கூசும். அவர் அதைக் குடிச்சிருக்க மாட்டார்."

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். ஆனால் அடுத்த நாள் காலையில் குசினிச் சுவரில் ஒரு கம்பி சாத்தியிருந்தது. உங்கள் அறைக்குக் கொங்கிறீற்றுப் போட்டு மிஞ்சிய கம்பி. அதன் துருவைத் தேங்காய்ப் பொச்சாலும் சாம்பலாலும் நான் தேய்த்துத் தேய்த்துப் போக்கினேன்.

படையல் நாளன்று, "என்ரை அடுப்பிலை பியர் காய்ச்ச விடமாட்டன்," என்று அம்மா சொல்லிவிட்டா. அதனால் முற்றத்தில் மூன்று கல்லு வைத்து அடுப்பு மூட்டினோம். கண்ணாடிக் கிளாஸ் வெடிக்கும் என்று நான் சொன்னதால் எவர்சில்வர் பேணி எடுத்தோம். அப்பா அதில் விளிம்புவரை பியரை ஊற்றினார். அங்கேதான் பிழை விட்டோம். கம்பியை விட்டதும் நுரை பொங்கி அப்பாவின் சாரத்திலும் காலிலும் ஊற்றி, அடுப்பின் ஒரு பக்கத்தையும் அணைத்துவிட்டது.

"அண்ணை, தம்பிக்குப் படைக்கிறியளோ, அடுப்புக்குப் படைக்கிறியளோ?" என்றார் சின்னராசா மாமா. பேணியை வாங்கி மணந்து பார்த்தார். "கொல்லன்ரை தொட்டித் தண்ணி மணக்குது."

அப்பா ஒரு வாய் குடித்துப் பார்க்கப் போனார். அம்மா ஓடி வந்தா. "படைக்க முதல் வாய் வைக்கிறதே? எச்சிலாக்கிப் போடாதேங்கோ!"

அப்போதுதான் எங்கள் இக்கட்டு எனக்கு விளங்கியது. நீங்கள் குடிக்கும்வரை நாங்கள் யாரும் ருசி பார்க்க முடியாது. சரியாக வந்ததா என்று தெரியாமலேதான் உங்களுக்கு வைக்க வேண்டும். இப்படி ஒரு பரிசோதனையை எந்த விஞ்ஞானி செய்திருப்பார்?

மூக்கும் கண்ணும் மட்டும்தான் துணை. நான் யோசித்தேன். கம்பி மங்கலாகத்தான் சிவந்திருந்தது. அதனால் அது பியரைக் கொதிக்க வைத்ததே தவிரச் சீனியைக் கருக்கவில்லை. சாம்பலும் ஒட்டியிருந்தது. "சிரட்டைக் கரி போடுவம் அப்பா. அரைப்பேணி ஊத்தினால் காணும், பொங்காது. கம்பி செம்மஞ்சளாகி, தோடம்பழ நிறத்துக்கு வரவேணும்." அப்பா மறுபேச்சில்லாமல் சிரட்டைகளைப் போட்டு, குந்தியிருந்து விசிறினார். இந்த முறை, அப்பா கூடவே வாங்கி வைத்திருந்த, சீனி கூடிய கறுப்புப் பியரை எடுத்தோம். கம்பி நிறம் மாறியதும் அப்பா அதை ஒரு தட்டுத் தட்டிச் சாம்பலை உதறி உள்ளே விட்டார். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

ஷ்ஷ் என்றுதான் கேட்டது, சித்தப்பா. நீங்கள் சொன்ன அதே சத்தம்.

நுரை மண்ணிறமாக எழுந்து, பேணியின் விளிம்பில் அசையாமல் நின்றது. வறுத்த கோப்பியும் பனங்கட்டியும் கலந்தது போல ஒரு மணம் முற்றம் முழுக்கப் பரவியது. சின்னராசா மாமா பேணிக்குக் கிட்ட மூக்கை நீட்டினார். "நுரை அடங்க முதல் கொண்டு ஓடுங்கோ!" என்று அம்மாதான் கத்தினா.

வெங்காயப் பிடிகளையெல்லாம் கழற்றிவிட்டு உங்கள் அறையில்தான் படைத்தோம். பிட்டு, நண்டுக் கறி, ஆட்டிறைச்சிப் பிரட்டல், பேணி. கும்பிட்டுவிட்டு, நீங்கள் ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு விறாந்தையில் இருந்தோம். அப்பா கதவைப் பார்த்தபடியே இருந்தார். அரைமணித்தியாலம் இவ்வளவு நீளமென்று எனக்குத் தெரியாது.

கதவைத் திறந்ததும் அப்பா நேராகப் போய்ப் பேணியை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"கைப்பு எங்கை போச்சுது?" என்று பேணியைப் பார்த்துக் கேட்டார்.

"இனிக்குதோ அப்பா? நுரை சுடுதோ? பல்லுக்கு எப்பிடி?"

"நுரை எல்லாம் அடங்கிப் போச்சு, பிள்ளை. ஆனால் சீனிப்பாணிதான். அவன் சொன்ன மாதிரித்தான்." பேணியைச் சின்னராசா மாமாவிடம் கொடுத்துவிட்டு, "உந்தக் கொப்பியைக் கொண்டு வா," என்றார்.

கொப்பி இருப்பது அப்பாவுக்குத் தெரியும் என்று நான் நினைக்கவே இல்லை. "வாசி," என்றார். முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். சாரம் பலகையாக நின்ற இடத்தில் சிரித்தார். ஏரியை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். 'வாற ஆடிக்கு வாறன்' வந்தபோது அப்பா கொப்பிக்கு மேல் குனிந்தார்.

"உதுக்கு என்ன போட்டனி? சரியோ, பிழையோ?"

"ஒண்டும் போடேல்லை அப்பா."

"போடாதை."

சித்தப்பா, இனித்தான் அந்த இன்னொன்று. நீங்கள் கடைசியாக எடுத்த நாள், "கொப்பர் நிக்கிறாரோ? ஒருக்காக் குடு," என்று கேட்டீர்கள். நான், "அப்பா தோட்டத்துக்குப் போயிட்டார்," என்றேன். நீங்கள், "சரி பிள்ளை, வந்து கதைக்கிறன்," என்றீர்கள். அப்பா எனக்கு எதிரில்தான் நின்றார். இல்லையென்று சொல்லும்படி கையைக் காட்டினார். நீங்கள் சொன்னவற்றில் எது பொய் என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன். நம் இருவருக்கும் இடையில் சொல்லப்பட்ட ஒரே பொய் என்னுடையது. கொப்பியில் அது இல்லை.

அன்று, "போடாதை" என்று அப்பா சொன்னதும் நான் கொப்பியை மூடப் போனேன். அப்பா கையை வைத்துத் தடுத்தார்.

"கடைசிப் பக்கத்திலை தம்பிக்கு இதையும் எழுது," என்றார். "அண்ணை அண்டைக்கு வீட்டிலைதான் நிண்டவர்."

எழுதினேன். அப்பா அதை வாசித்தார். பிறகு என் கையிலிருந்த பேனையை வாங்கி, அதன் பக்கத்தில் தானே ஒரு சரி போட்டார்.

ரீச்சரிடம் முடிவைச் சொல்லிவிட்டேன். ஆனால் நுரை சுடும், கீழே பியர் குளிரும் என்றீர்களே, அந்தப் பாதி இன்னும் நிரூபிக்கப்படவில்லை. பியருக்கு இப்போதைக்கு அரைச் சரிதான் போட்டிருக்கிறேன். எனக்கு இருபத்தொரு வயதானதும், ஒரு மாரியில் நீங்கள் நின்ற அந்தச் சந்தைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவேன். நெருப்புக்குப் பக்கத்தில் நின்று, நுரை அடங்குவதற்கு முன் குடித்துப் பார்த்து, மற்றப் பாதியையும் போடுவேன். போனதும் முதலில் உங்களுடன் அப்பாதான் கதைப்பார்.

உங்களிடம் இனிப் பொய் சொல்லாத
பெறாமகள்,
வேணி