அப்பா சொன்னதாக

வார்த்தையைச் சிக்கனமாகவே செலவழித்த என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் இருந்தவரை வீட்டில் உங்கள் குரல் அதிகம் கேட்டதில்லை. நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆவதற்குள் ஆளாளுக்கு "அவரு சொன்னாரு, அவரு சொன்னாரு" என்று ஆரம்பித்துவிட்டார்கள். எப்போது சொன்னீர்கள் அப்பா? நான் அப்போது எங்கே போயிருந்தேன்?

எல்லாம் என் காலேஜை வைத்துத்தான். புதிதாக வந்திருக்கும் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிவிட்டேன். போடியிலும் இடம் கிடைத்தது, மதுரையிலும் கிடைத்தது. அங்கேதான் வம்பு பிறந்தது.

"ராசிங்காபுரத்துல இருந்து போடி எம்புட்டுத் தொலைவு? பஸ்சுல போயிட்டு வெரசா வந்துரலாம். புள்ளயக் கண்ணு முன்னாடி வச்சுப் படிக்க வையின்னு அண்ணன் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாரு" என்றார் சித்தப்பா. எனக்கு உடனே பொறி தட்டியது. சித்தியின் தம்பி, அந்த ஜீப் ஓட்டுகிறவர், இப்போதெல்லாம் வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வருகிறார். வந்தால் நான்தான் காபி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். முன்பு அவர் காபியே குடிக்க மாட்டார்.

அம்மா வேறு மாதிரி. "மதுரைக்குத்தான் அனுப்பச் சொன்னாரு ஒங்கப்பா. மாமா வீட்டுல தங்கிப் படிக்கட்டும்னாரு" என்றாள். பெற்ற தாயைச் சந்தேகப்படலாமா? பட்டேன். மாமாவுக்கும் கல்யாண வயதில் ஒரு மகன் இருக்கிறானே. அந்த வீட்டில் நீங்கள் ஒரு வேளை கூடக் கை நனைத்து நான் பார்த்ததில்லை. அங்கே போய் என்னைத் தங்கச் சொல்லியிருப்பீர்களா?

எனக்கோ மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க ஆசை. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மா சிரித்தால் ஏன் சிரிக்கிறாள் என்று பார்ப்பேன். சித்தப்பா பேனா வாங்கி வந்தால் எதற்கு வாங்கினார் என்று யோசிப்பேன். உங்களை நினைத்து அழுவதைவிட இவர்களைச் சந்தேகப்படுவது எனக்குச் சுலபமாக இருந்தது அப்பா.

முதல் காயெடுப்புக்கு எல்லோரும் போடிமெட்டு ஏறி நம் ஏலத்தோட்டத்துக்குப் போனோம். பாறையடியில் இருக்கும் நம் கருப்பனுக்கு நீங்கள் ஏற்றும் சூடத்தை இந்த வருடம் சித்தப்பா ஏற்றினார். காய் எடுக்க வந்தவர்கள் கூடையோடு காத்து நின்றார்கள். கும்பிட்டு முடித்ததும், "நாளைக்கே இவளப் போடி காலேஜுல சேத்து விட்டுருவோம். அண்ணன் வாக்கு" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "அப்பா அப்படிச் சொன்னது நெசம்னா சூடம் அடிங்க சித்தப்பா" என்றேன்.

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தவர் சொல்லை நம் பக்கத்தில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்?

சித்தப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "செத்தவுக பேரச் சொல்லியா சூடம் அடிக்கச் சொல்ற, தாயி?" என்று இரண்டடி பின்னால் போனார். அம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேரும் அகப்பட்டுக்கொண்டார்கள் என்று எனக்கு ஒரே ஆங்காரம்.

"அப்ப நான் அடிக்கிறேன். ஹாஸ்டல்ல தங்கிப் படின்னு அப்பா எங்கிட்டத்தான் சொன்னாரு."

அடித்தேன். உள்ளங்கை பொரிந்துவிட்டது. கூடை வைத்திருந்த ஒரு அக்கா மட்டும், "மகளுக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்லுவாரு" என்றாள். மதுரை ஹாஸ்டல் என்று அதோடு முடிவாகிவிட்டது.

நீங்கள் என்னிடம் கடைசியாகச் சொன்னது என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "சன்னலச் சாத்து, குளுருது" என்றீர்கள். அவ்வளவுதான்.

நேற்று சித்தப்பாதான் என்னை மதுரைக்குக் கூட்டி வந்தார். டிரங்குப் பெட்டியைத் தொட விடவில்லை. "கைப்புண்ணு ஆறட்டும்" என்றார். பஸ்ஸில் வழி நெடுகப் பேசவேயில்லை. மனசுக்குள் ஏதோ திட்டம் போடுகிறார் என்று நான் உஷாராகவே உட்கார்ந்திருந்தேன். ஹாஸ்டல் வாசலில் பெட்டியை இறக்கி வைத்தவர், என் கையைப் புரட்டிப் பார்த்தார்.

"நான் சொன்னது பொய்யி தாயி. அண்ணன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நீயும் தூரமாப் போயிட்டா அண்ணன் வீடே அத்துப் போயிருமோன்னு பயந்துட்டேன்."

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"ஒங்கிட்டயாச்சும் சொல்லிட்டுப் போனாரே, அது போதும். ஆஸ்பத்திரியில பக்கத்துலயேதான் கெடந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல பாரு அவருக்கு" என்றார். வாசலில் நின்ற பெண்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதார்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பெட்டியோடு என்னைத் திரும்பக் கூட்டிப் போய்விடுவாரோ என்று அப்போதும் ஒரு சந்தேகம். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பஸ் ஏறப் போய்விட்டார். அண்ணன் தன்னை ஒரு பொருட்டாக எண்ணவில்லை என்ற நினைப்போடு போயிருக்கிறார். அந்த நினைப்பைக் கொடுத்தது நான்தான் அப்பா.

முதல் லீவுக்கு ஊருக்குப் போவேன். என் படிப்பு நின்றாலும் சரி, அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சித்தப்பாவிடம் சொல்லிவிடுவேன்: அப்பா எனக்கும் ஒன்றும் சொல்லாமல்தான் போனார்.

நீங்கள் ஒரு வார்த்தையும் விட்டுப்போகாத இன்னொருத்தி,
உங்கள் மகள் தங்கமணி